எழுந்து நிற்கச் சொல்கிறார்கள்

போர்ட் பிளேர் ஆஸ்பத்திரி
12 பிப்ரவரி 2024

வைஜெயந்தி,

உயிரோடு இருக்கிறேன். பக்கத்து வீட்டு ராசம்மாவின் போனில் அகிலா உனக்குச் சொல்லியிருப்பாள். ஆனால் என் கையெழுத்தைப் பார்க்காமல் நீ நம்பமாட்டாய். போனில் உன்னோடு பேச என் காதால் ஏலாது. காதோரம் வந்து கத்தினால்தான் எனக்கு எதுவும் கேட்கிறது. அதனால் மல்லாந்து படுத்தபடி வயிற்றின் மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் வரும்.

ஜீப் சரிவில் வழுக்கியது ஞாபகம் இருக்கிறது. நீ என் முந்தானையைப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு சிவப்பு மண்ணும் டீசல் நாற்றமும்தான். போர்ட் பிளேரில் மகள் அகிலா வீட்டுக்குப் போக, நம் கட்சால் தீவிலிருந்து கப்பல் பிடிக்கக் கிளம்பியவளை ஹெலிகாப்டரில் ஏற்றிக் கொண்டுவந்து போட்டார்கள். எழுபது வயதில் இப்படி ஒரு சவாரி.

இடது இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. உள்ளே கம்பி வைத்துத் திருகியிருக்கிறார்கள். விலா எலும்பும் விரிசல் விட்டிருக்கிறது. இருமினால் உள்ளேயிருந்து யாரோ அரிவாளால் கொத்துவது போல இருக்கிறது. அதனால் இருமலை விழுங்கிவிடுகிறேன்.

வலியைக்கூடத் தாங்கிக்கொள்கிறேன். ஷிபா என்று ஒருத்தி வருகிறாளே, அவளைத்தான் தாங்க முடியவில்லை. பிசியோ என்கிறார்கள், அடிபட்டவர்களை எழுப்பி நடக்கவைக்கிற வேலை. அபர்தீன் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் நம் தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண். ஆபரேஷன் முடிந்த மறுநாளே வந்து நின்று, "உட்டோ அம்மா, எழுந்து உக்காருங்க" என்கிறாள். வெட்டிய மரத்தைப் பார்த்து நிமிர்ந்து நில் என்று சொல்வது போல. என் கை தானாகக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டது. விரல்களைப் பிரிக்க அகிலா வரவேண்டியிருந்தது.

பக்கத்துக் கட்டிலில் பானு. புரோத்ராபூர்க்காரி. வீட்டு வாசலிலேயே ஸ்கூட்டர் இடித்துவிட்டது, அவளுக்கும் இடுப்புதான். ஷிபா வரும் செருப்புச் சத்தம் கேட்டதும் என்னைக் கிள்ளுவாள். இருவரும் கண்ணை மூடிக்கொள்வோம். பானு குறட்டைகூட விடுவாள்.

உன் நெற்றிக் காயம் ஆறிவிட்டதா? ஹெலிகாப்டர் ஏற்றும் இடத்துக்கு நீ வரவில்லை என்று அகிலா சொன்னாள். உனக்கும் அடி பலமோ என்று நினைத்து நினைத்துக் கலங்குகிறேன். அடுத்த கப்பலில் வந்துவிடு. எனக்குப் பயமாக இருக்கிறது வைஜெயந்தி. இதை அகிலாவிடம் சொல்லவில்லை.

அக்கா


கட்சால்
20 பிப்ரவரி 2024

என் அக்காவுக்கு,

உன் கடுதாசிய வாங்குனதும் அப்பிடியே நெஞ்சோட வச்சிக்கிட்டு உக்காந்துட்டேன், பிரிச்சுப் படிக்கவே அரை நாளாச்சு. என் நெத்தியில ஒண்ணுமில்ல, ஒரு கீறல், அதுவும் காஞ்சிருச்சு. ஒரே வண்டியில உக்காந்து வந்தோம், உனக்கு எலும்பு உடைஞ்சுது, எனக்குக் கீறல். இது என்ன கணக்குன்னு சாமியத்தான் கேக்கணும்.

வரணும்னுதான் இருக்கேன். டிக்கெட் கெடைக்கலங்கிறாங்க, மழையும் விடல, கோழிகளப் பாத்துக்க ஆள் இல்ல, ராசம்மாவுக்கு முட்டி வலி. ஆனா வருவேன்.

ஜீப் ஓட்டுன குணா தெனம் வந்து வேலிகிட்ட நிக்கிறான். "சித்தி, பெரியம்மா எப்படி இருக்காங்க"ன்னு கேக்குறான். நான் கதவத் தெறக்குறதில்ல. மழையில ரோடு வழுக்குச்சு, அவனும் என்ன பண்ணுவான், எனக்கும் புரியுது. ஆனா அவன் மொகத்தப் பாத்தா அந்தச் சரிவு கண்ணுக்குள்ள வந்துருது.

அக்கா, ஒண்ணு சொல்றேன் கேளு. அந்தப் பொண்ணு யாரா வேணா இருக்கட்டும், நீ எழுந்திரிக்காத. சிமெண்டு பூசுனாக்கூட காய விடுறோமா இல்லியா? இது எலும்பு! சிலோன்ல அப்பா பாலத்துலேருந்து விழுந்தப்போ மாசக்கணக்கா படுத்தேதான் கெடந்தாரு, யாரும் அவர உட்டோ உட்டோன்னு உலுக்கல. படுத்துக் கெடந்துதான் பொழைச்சாரு. அகிலாகிட்ட சொல்லு, ஒரு பொடவைய மறைப்பாக் கட்டச் சொல்லு, வேண்டாத ஆளுங்கள உள்ள விடாதன்னு சொல்லு. இடுப்புல இருக்குற கம்பி நழுவிருச்சுன்னா மறுபடி கத்தி வைப்பாங்க. உன் வயசுக்கு இன்னொரு தடவ தாங்காது.

சுனாமி அலை என் வீட்டுக்காரரக் கொண்டுபோச்சு. மிச்சம் இருக்குறது நீ ஒருத்திதான். நான் வர்ற வரைக்கும் அசையாமக் கெட.

உன் தங்கச்சி


போர்ட் பிளேர் ஆஸ்பத்திரி
1 மார்ச் 2024

வைஜெயந்தி,

பானு செத்துப்போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை. டீ வந்திருந்தது. அவள் மகன்கள் இருவரும் இவ்வளவு நாளும் யாரையும் தொட விடவில்லை. அன்று டாக்டர் சத்தம் போட்டதும் ஒதுங்கிக்கொண்டார்கள். ஷிபாவும் நர்ஸும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று மெதுவாகத் தூக்கி அவளைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்தார்கள். பானு என்னைப் பார்த்து, மாட்டிக்கொண்டேன் பார் என்பது போல முகத்தைச் சுளித்தாள். நான் சிரித்தேன். அடுத்த நொடி அவள் வாய் திறந்தது. மூச்சு உள்ளே போகவில்லை. கண் என்மேல்தான் இருந்தது. ஷிபாவின் தோளில் அப்படியே சாய்ந்தாள். ஓடிவந்தார்கள், நெஞ்சை அழுத்தினார்கள், திரை போட்டார்கள். என் காதுக்கு எதுவும் கேட்கவில்லை. கேட்பதைவிட அது கொடுமை. திரைக்குக் கீழே செருப்புக் கால்கள் அங்குமிங்கும் போவதை மட்டும் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

உட்கார வைத்ததால்தான் செத்தாள். என் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் ஷிபா என்னிடம் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. என் கையைத் தொட்டாள். நான் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டேன். போர்வைக்குள்ளிருந்தே உன் கடிதத்தை நீட்டினேன். நின்றபடி முழுவதும் படித்தாள். பிறகு குனிந்து என் காதில், "உங்க தங்கச்சி உங்க மேல உசிரையே வச்சிருக்காங்க. ஆனா அவங்க சொல்றபடி கெடந்தீங்கன்னா..." என்றாள். மிச்சத்தை நான் கேட்கவில்லை. காது செவிடாக இருப்பதில் ஒரு நன்மை அது.

மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று கொடுத்திருக்கிறாள். குழாயில் வாய் வைத்து உறிஞ்சினால் பந்துகள் எழும்பவேண்டுமாம், அப்போதுதான் நெஞ்சு விரியுமாம். அதையும் தொடுவதில்லை. விலா வலிக்கிறது.

அகிலா என் பக்கம். எல்லாம் அவளே செய்கிறாள். ஊட்டிவிடுகிறாள், துடைத்துவிடுகிறாள், பெட்பேன் வைக்கிறாள். "நீங்க கண்ண மூடிக் கெடங்கம்மா, நான் இருக்கேன்ல" என்கிறாள். எத்தனையோ தொழிலாளிகளின் பிள்ளைகளை, அவர்கள் வேலை முடிந்து வரும்வரை, தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் கழுவித் துடைத்து வளர்த்தவள் நான். இப்போது என்னைத் திருப்பிப் போட்டுத் துடைக்கிறார்கள். கண்ணை மூடிக்கொள்வது நல்லதுதான்.

பானுவின் கட்டிலில் இன்னும் யாரும் வரவில்லை. விரிப்பு மாற்றியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் திரும்பாமல் படுத்திருக்கிறேன்.

நீ ஏன் இன்னும் வரவில்லை?

அக்கா


கட்சால்
9 மார்ச் 2024

அக்கா,

படிச்சேன். நல்ல வேளை நீ எழுந்திரிக்கல. நான் சொன்னேனா இல்லியா! மொதல்ல அந்தக் கட்டில மாத்தச் சொல்லு. சாவு விழுந்த எடத்துக்குப் பக்கத்துல படுக்காத. முருகன் கோயில்ல உனக்காக நேந்துக்கச் சொல்லி ராசம்மாவ அனுப்பியிருக்கேன். எனக்கு வெளிய போகப் புடிக்கல. சாமானெல்லாம் அவளே வாங்கியாந்து குடுக்குறா. அந்தச் சம்பவத்துக்குப் பொறவு நான் வேலியத் தாண்டல. தாண்டி என்ன ஆவப்போவுது? நீ அசையாம

10 மார்ச்

மேல எழுதுனதக் கிழிச்சுப் போட்டுரு அக்கா. நானே கிழிச்சிருப்பேன், ஆனா நான் எவ்வளவு மடச்சின்னு நீ பாக்கணும், அதான் அப்பிடியே வச்சு அனுப்புறேன்.

இன்னைக்கு அகிலா போன் பண்ணுனா, ராசம்மா போன எடுத்துக்கிட்டு இங்க ஓடியாந்தா. அழுகையில ஒரு வார்த்தையும் வெளங்கல. உனக்குக் காய்ச்சலாம். நெஞ்செல்லாம் சளி கட்டி மூச்சுக்கு மாஸ்க் வச்சிருக்காங்களாம். அவள நீ அம்மான்னு கூப்புட்டியாம். வண்டிய நிறுத்து, வண்டிய நிறுத்துன்னு கத்துறியாம். அகிலா மொகம் உனக்குத் தெரியலியாம்.

அப்போ அந்தப் பக்கம் யாரோ அவகிட்டேருந்து போன வாங்குனாங்க. ராசம்மா சத்தமா வச்சா.

"கட்சால் சித்தியா? நான் ஷிபா."

"என் அக்காவ என்ன பண்ணுன?"ன்னு கேட்டேன். அப்பிடித்தான் வந்துச்சு வாயில.

"நான் ஒண்ணும் பண்ணல சித்தி. பண்ண விடல, அதான் இப்படி ஆச்சு. படுத்தே கெடந்து, இருமாம, ஆழமா மூச்சு இழுக்காம இருந்தா சளி உள்ளேயே தங்கிரும். உங்க கடிதாசிய தலகாணிக்கு அடியில வச்சிருக்காங்க. டாக்டர் சாப் சொன்னாலும் அதத்தான் எடுத்துக் காட்டுறாங்க. எங்க பேச்செல்லாம் அதுக்கு முன்னாடி எடுபடல."

"அப்போ பானு?"ன்னேன்.



"அசையாம இருந்ததுல கால்ல ரத்தம் கட்டியிருந்துச்சு சித்தி. போர்வைக்குள்ள கெண்டைக்கால் வீங்கியிருந்தத அவங்க சொல்லவே இல்ல. அது நெஞ்சுக்கு ஏறிருச்சு. என் தோள்லதான் சாஞ்சாங்க. அன்னைக்கு வீட்டுக்குப் போய் நான் சாப்பிடல. மறுநாள் உங்க அக்காகிட்ட வர்றதுக்கு முன்னாடி வார்டு வாசல்லயே நின்னுட்டேன். எனக்கு மட்டும் டர் இல்லியா? ஆனா நான் பயந்துக்கிட்டு நின்னா, வார்டுல இருக்குற வயசானவங்க எல்லாம் படுத்தேதான் போவாங்க."

அக்கா, இதப் படிக்கிறப்போ உனக்கு நெனவு இருக்கணும். அகிலா உன் காதுல கத்திப் படிக்கட்டும். நான் சொன்னது தப்பு. அந்தப் பொண்ணு சொல்றத செய்யி. உறிஞ்சச் சொன்னா உறிஞ்சு, இருமச் சொன்னா இருமு, வலிச்சா என்னத் திட்டு. எழுந்திரி அக்கா. நீ எழுந்து உக்காரு, நான் ஜீப்புல ஏறுறேன். அடுத்த கப்பல்ல வர்றேன். சத்தியம்.

வைஜெயந்தி


போர்ட் பிளேர் ஆஸ்பத்திரி
24 மார்ச் 2024

வைஜெயந்தி,

பேனாவைப் பிடிக்க இன்றுதான் முடிந்தது. இதையும் விட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

காய்ச்சலில் கிடந்த நாட்கள் எனக்கு ஒரே ராத்திரி போலத்தான். திரும்பத் திரும்ப ஜீப் சரிந்தது. ஒவ்வொரு தடவையும் நான் உன் கையைத் தேடினேன். ஒரு நாள் கண் திறந்தபோது முகத்தில் மாஸ்க் இருந்தது. அகிலா என் காலடியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலையில் அவ்வளவு நரை இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

உன் கடிதத்தைக் காதில் கத்திப் படித்தாள். வார்டு முழுவதும் கேட்டது. நீ உன்னை மடச்சி என்று சொன்ன இடத்தில் எதிர்க் கட்டில்காரி சிரித்துவிட்டாள்.

அப்பாவைப் பற்றி நீ எழுதியிருந்ததை அப்போதே திருத்தியிருக்கவேண்டும். எனக்கும் அது வசதியாக இருந்தது, விட்டுவிட்டேன். அப்பா பிழைத்தார், ஆனால் நடந்தாரா? தோட்டத்து லய வீட்டுச் சுவரோரமாகத் தவழ்ந்தார். முதுகுப் புண்ணை அம்மா உனக்குக் காட்டவில்லை, நீ சின்னப் பிள்ளை. இந்தியாவுக்குக் கப்பல் ஏறும்போது அவரை நாற்காலியோடு தூக்கினார்கள். ஏதோ மரியாதை செய்கிறார்கள் என்று நீ ஊரெல்லாம் பெருமை பேசினாய்.

அது நினைவுக்கு வந்த பிறகுதான் ஷிபாவைப் பார்த்துத் தலையாட்டினேன்.

முதலில் அவள் அகிலாவை வெளியே அனுப்பினாள். "நீங்க அழுதா அம்மா படுத்துக்குவாங்க. போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்றாள். பிறகு கட்டிலின் தலைமாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினாள். ஜன்னலில் வேப்பமரத்தின் நுனி தெரிந்தது. இத்தனை நாள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அதுவே தலைசுற்றியது. கால்களைக் கட்டிலுக்குக் கீழே இறக்கினாள். நான் பானுவின் கட்டிலைப் பார்த்தேன். ஷிபா என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, காதோரம் கத்தினாள்.

"என்னப் பாருங்க. மூச்ச விடுங்க. புடிச்சு வச்சிருக்கீங்க, விடுங்க அம்மா."

"செத்துருவேன்."

"சாக மாட்டீங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது" என்றாள். "ஆனா படுத்திருந்தா என்ன ஆவும்னு நல்லாத் தெரியும்."

பொய் சொல்லாதவள் என்று தோன்றியது. மூச்சை விட்டேன். அடுத்த மூச்சு உள்ளே வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. அப்படி வந்துகொண்டே இருந்தது.

இப்போது வாக்கரைப் பிடித்து நிற்கிறேன். நாலு கால் வைத்த இரும்புச் சட்டம், முன்னால் தூக்கி வைத்து அதன் பின்னால் போகவேண்டும். நிற்கும்போது தொடை ஆடுகிறது. ஒருமுறை பயத்தில் சேலையோடு ஈரமாகிவிட்டது. ஷிபா ஒன்றும் சொல்லாமல் துணியை எடுத்துத் துடைத்துவிட்டு, "பஸ், அவ்வளவுதான். மறுபடி நிக்கலாமா?" என்றாள். உடனே நின்றேன். கக்கூசுக்கு என் காலில் போய்வர வேண்டும். வேறு எந்த ஆசையும் இல்லை.

சரி. நீ எங்கே? கப்பல் வந்தது. அகிலா ஹாடோ துறைமுகத்தில் வெயிலில் நின்றாள். கடைசி ஆள் இறங்கும்வரை நின்றாள். நீ எழுந்து உட்கார், நான் ஏறுகிறேன் என்று சத்தியம் செய்தாய். நான் உட்கார்ந்தேன். நின்றும் விட்டேன். எனக்கு என்ன செலவாயிற்று என்று உனக்குத் தெரியுமா? இனிக் கோழியையும் மழையையும் சொல்லாதே.

சந்திரமதி


கட்சால்
5 ஏப்ரல் 2024

அக்கா,

பேரப் போட்டு முடிச்சிருக்க. அக்கான்னு போடல. சரிதான்.

கோழிய ராசம்மாகிட்ட விட்டாச்சு. டிக்கெட்டும் எடுத்தாச்சு. பைய கட்டி வச்சேன். கப்பலுக்குக் கெளம்புற அன்னைக்குக் குணா வண்டியக் கொண்டாந்து நிறுத்துனான், பழைய வண்டி இல்ல, வேற ஒண்ணு. நானும் போனேன். கம்பியப் புடிச்சு ஒரு கால மேல வச்சேன். எஞ்சின் உறுமுச்சு பாரு, கால் கல்லாயிருச்சு. மேலயும் வரல, கீழயும் எறங்கல. குணா எஞ்சின நிறுத்திட்டான். "சித்தி, அவசரமில்ல"ன்னான். நான் அங்கேயே வாந்தி எடுத்தேன். பைய அவன்தான் திரும்ப வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சான். கப்பல் சங்கு ஊதுனது எனக்கு இங்க வரைக்கும் கேட்டுச்சு. கேக்கக் கூடாதுன்னு காதப் பொத்திக்கிட்டேன்.

நீ தேடுன கை எங்க போச்சுன்னு சொல்றேன். ஜீப் கவுந்ததும் நான் வெளிய விழுந்துட்டேன். எழுந்தேன். நீ மண்ணுல கெடந்த. கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்துச்சு. செத்துட்டன்னு நெனச்சேன். அலை போன மறுநாள் அவரத் தேடிக்கிட்டுப் போனப்போ, ஒவ்வொருத்தரா பொரட்டிப் பொரட்டி மொகம் பாத்தேன். இன்னொரு மொகத்தப் பொரட்ட என்னால ஏலாது. அதனால உனக்கு முதுகக் காட்டிக்கிட்டு ரோட்டோரத்துல உக்காந்துட்டேன். ஆளுங்க வந்து உனக்கு மூச்சு இருக்குன்னு சொன்னப்போகூடத் திரும்பல. ஹெலிகாப்டருக்கும் வரல. பாக்காத வரைக்கும் நீ உசிரோட இருப்பன்னு ஒரு எண்ணம்.

இப்ப என்னன்னா, எனக்கு ஒரு அடியும் படல, ஆனா முட்டி ரெண்டும் மடங்க மாட்டேங்குது. காலையில தரையிலேருந்து எழுந்திரிக்கச் செவரப் புடிக்கிறேன். காலமெல்லாம் ரப்பர் மரத்துக்கு மரம் ஓடிப் பால் எடுத்தவ நான்! வாசலத் தாண்டாம உக்காந்து உக்காந்து இப்படி ஆயிட்டேன். உனக்கு மட்டுமில்ல அக்கா, எனக்கும் ஒரு ஷிபா வேணும்.

திட்டி எழுது. எழுதாம இருந்துறாத.

தங்கச்சி


லம்பா லைன், போர்ட் பிளேர்
16 ஏப்ரல் 2024

தங்கச்சி,

திட்டவில்லை. நான் உன்னைத் தேடியபோது நீ பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாய் என்பதே எனக்குப் போதும்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். லம்பா லைனில் அகிலா வீட்டில் இருக்கிறேன். தலைக்கு மேல் விமானம் போகும்போது ஜன்னல் அதிர்கிறது. எனக்குச் சத்தம் தெரியாது, அதிர்வுதான் தெரியும். ஒவ்வொரு தடவையும் வாக்கரை இறுக்கிப் பிடிப்பேன்.

பிடிப்பேன் என்றா எழுதினேன்? இப்போது பிடிக்க வாக்கர் இல்லை. போன வாரம் குளியலறை வாசற்படியில் அதன் கால் மாட்டிக்கொண்டது. நான் விழவில்லை. முன்னால் சாய்ந்து சுவரில் கையூன்றிவிட்டேன். ஆனால் அகிலா பார்த்துவிட்டாள். அவள் போட்ட கூச்சலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். அன்று மாலையே மருமகனை ஏணியில் ஏற்றி வாக்கரைப் பரண்மேல் வைத்துவிட்டாள்.

"குடு அகிலா."

"வேணாம்மா. மறுபடி விழுந்தீங்கன்னா என்னால பாக்க முடியாது."

"ஷிபா தினம் நடக்கச் சொல்லியிருக்கா."

"ஷிபாவா இங்க வந்து தூக்கப் போறாங்க? என்ன வேணும்னாலும் என்னக் கூப்பிடுங்க. நான் எதுக்கு இருக்கேன்?"

பெட்பேன் திரும்ப வந்துவிட்டது.

அவள் கெட்டவள் இல்லை. அவள் பயம் உன் பயம்தான், என் பயம்தான். அவள் அதைக் காவலாக மாற்றிவிட்டாள். அன்றிலிருந்து படுத்திருக்கிறேன். காலில் வந்த பலம் கசிந்து போவது தெரிகிறது. நேற்று இருமியபோது நெஞ்சில் அந்தப் பழைய கரகரப்பு. ஷிபாவிடம் காட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் நாள் வரை நான் தாங்குவேனா தெரியவில்லை. ரகசியமாகக் கட்டில் கம்பியைப் பிடித்து நின்று பார்க்கிறேன். யாராவது வந்தால் உட்கார்ந்துகொள்கிறேன். பானுவோடு சேர்ந்து தூங்குவது போல நடித்தவள், இப்போது தூக்கம் வராதது போல உட்கார்ந்திருக்கிறேன்.

அகிலா என் பேச்சைக் கேட்கமாட்டாள், நான் நோயாளி. உன்னிடம் சண்டை போட அவளுக்குத் தைரியம் கிடையாது, சின்ன வயதிலிருந்தே. கண்ணை மூடிக்கொண்டு ஏறினாலும் சரி. நீ வந்து அந்தப் பரணிலிருந்து அதை இறக்கு.

அக்கா


கப்பலில்
28 ஏப்ரல் 2024

அக்கா,

பென்சில்ல எழுதுறேன். கப்பல் ஆடுறதுல எழுத்து ஓடும். இத உன் கையிலயே குடுப்பேன். வாயத் தெறந்தா நான் அழத்தான் செய்வேன், உனக்கும் காது கேக்காது, அப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணும் வெளங்காம உக்காந்திருப்போம்.

ஏறிட்டேன். குணாகிட்ட நானே போய்ச் சொன்னேன், "நீதான் ஓட்டணும், வேற யாரும் வேணாம்"னு. ஏன்னா அவனுக்கும் அந்தச் சரிவப் பாத்தாப் பயம். பயம் இருக்குறவன் மெதுவாப் போவான். ராசம்மா என்னப் பின்னாலேருந்து தள்ளுனா. நான் கண்ண எறுக்கி மூடிக்கிட்டு அவ பேரையும் உன் பேரையும் மாத்தி மாத்திச் சொல்லிக்கிட்டு வந்தேன். அந்தச் சரிவு வந்ததும் குணா வண்டிய நிறுத்திட்டான். "சித்தி, எறங்கி நடக்குறீங்களா?"ன்னான். எறங்குனேன். முட்டி மடங்கல. வண்டி பின்னால ஊர்ந்து வந்துச்சு, நான் முன்னால நடந்தேன். நீ விழுந்த எடத்துல புல்லு மொளைச்சிருக்கு. நின்னு பாத்தேன். அப்புறம் நானே திரும்ப ஏறுனேன். கப்பல் நிக்கிற ஜெட்டியில அவன் என் பையத் தூக்கிக் குடுத்தான், அழுதான், நானும் அழுதேன். அப்புறம் கப்பல் ஏணி. அது வேற ஆடுது. மேல போறதுக்குள்ள எத்தன சாமி இருக்கோ அத்தனையும் கூப்புட்டாச்சு.

பயம் கொஞ்சமும் போவல அக்கா. இப்பவும் பல்லு கிட்டிக்குது. நேத்து முழுக்க வாந்தி. பக்கத்துப் படுக்கையில இருக்குற பெங்காலி அம்மா எலுமிச்சம்பழம் குடுத்து, "டரோ மத், டரோ மத்", பயப்படாதன்னு முதுகத் தடவிக்கிட்டே இருக்கு.

வந்ததும் அகிலாவோட பேசிக்கிறேன். சத்தம் போட மாட்டேன். அவளையும் உக்கார வச்சுச் சொல்றேன், நான் உன்னப் படுக்கச் சொல்லி எழுதுனேனே, அதுல என்ன ஆச்சுன்னு. புரிஞ்சுக்குவா. புரிஞ்சுக்கலைன்னா நானே பரண்ல ஏறுவேன். மடங்காத முட்டியோட ஏறி நான் விழுந்தா அதையும் அவதான் பாத்துக்கணும்னு சொல்லுவேன்.

ராசம்மா போன்லேருந்து ஷிபாகிட்டப் பேசுனேன். "நீங்க அவங்களத் தாங்கிப் புடிச்சுத் தூக்கிட்டுப் போகக் கூடாது சித்தி. ஒடைஞ்ச பக்கத்துல, ஒரு எட்டு பின்னால நில்லுங்க. அவங்க நடக்கட்டும்"னு சொல்லியிருக்கு. சரின்னேன். அதனால முன்னாலேயே சொல்லிடுறேன், நான் உன்னப் புடிக்க மாட்டேன். கோச்சுக்காத. உன் எடது பக்கத்துல, ஒரு எட்டு பின்னாலதான் வருவேன். குளியலறைக்குப் போனாலும் வருவேன், வாசலுக்குப் போனாலும் வருவேன்.

தெரியாமச் சாஞ்சுட்டன்னா செவத்துப் பக்கம் சாயாத, என் பக்கம் சாயி. நான் நல்லாக் குண்டாத்தான் இருக்கேன். விழுந்தா என் மேல விழு.

வைஜெயந்தி